மெக்சிக்கோகாரன் சுட்ட சோளம்

1

ஊரில் இருக்கிற எல்லோருக்கும் முதலில் ஒரு செய்தி. நான் மெக்சிக்கோகாரன் ஆகி எட்டு மாதம் ஆகிறது. சுன்னாகத்தில் என் அம்மாவைக் கண்டால் இதைச் சொல்லிவிடாதீர்கள். மகன் மதம் மாறிவிட்டான் என்று நினைத்து அழத் தொடங்கிவிடுவா.

இந்தமுறை என் கடிதத்தைச் சிரிப்பை எதிர்பார்த்துப் படிக்கவேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன். இடையில் பகிடி வந்தால் அது என் பழைய வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வியாதியால்தான் இவ்வளவும் வந்தது.

நான் ஆக்லாந்தில் ஏவன்டேல் என்கிற இடத்தில் அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தானுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. படித்த மனிதர். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தரம் பார்த்தேன். அதுவும் என்னை இரண்டு தரம் பார்த்தது. ஒருவரை ஒருவர் பிடிக்காமல் பிரிந்துவிட்டோம். அப்படிப்பட்டவனை அக்கா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, ஆளுக்கு ஆள் கெஞ்சி, விசிற்றர் விசாவில் இங்கே எடுப்பித்தா. ஆமியும் இயக்கமுமாய் ஊர் கெட்டுப்போன நேரம். வகுப்பில் கடைசி வாங்கில் என்னோடு இருந்தவர்களில் இப்போது வீட்டில் நிற்பது ஒருத்தன்தான். அவனும் தாயின் சீலைக்குப் பின்னால் நிற்கிறான்.

நான் வேலை செய்வது நகரத்தில் ஒரு மெக்சிக்கோச் சாப்பாட்டுக்கடையில். முதலாளி பெயர் கெவின். அசல் நியூசிலாந்துக்காரன். மெக்சிக்கோவுக்கு வாழ்க்கையில் ஒரேயொரு தடவை மூன்று கிழமை போனவன். அதில் ஒரு கிழமை வயிற்றோட்டம். மிச்ச இரண்டு கிழமையில் படித்தது ஒரு கடை போடப் போதும் என்று நினைத்திருக்கிறான். வரும்போது ஒரு பெரிய வைக்கோல் தொப்பியும் கொண்டுவந்தான். அந்தத் தொப்பி இப்போது என் தலையில் இருக்கிறது.

கோப்பை கழுவத்தான் சேர்ந்தேன். ஒருநாள் சாப்பிட வந்த மனிசி ஒருத்தி சமையலறைக் கதவால் எட்டிப் பார்த்து, "இந்தத் தம்பி மெக்சிக்கோவோ?" என்று கேட்டாள். இவர்கள் இங்கிலிசில் சொன்னதை எல்லாம் நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அப்போதுதான் உங்களுக்கும் சரியான இடத்தில் கோபம் வரும்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஓம், அம்மா வழியில" என்றேன்.

அந்த மனிசிக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும். கெவின் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அடுத்த கிழமை தொப்பி வந்தது. இந்தப் பாலன் பாப்லோ ஆனான்.

முதலில் எனக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. தொப்பியோடு மேசை மேசையாகப் போவேன். "எங்கட ஊரில இதைச் சாப்பிட்டிட்டு ஒரு பகல் முழுக்கக் கழுதையில இருப்பம், அப்பத்தான் செமிக்கும்" என்று அவிழ்த்துவிடுவேன். நம்புவார்கள். பொய் சொல்கிறவனை இந்த ஊரில் ஒருவரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்கிறவர்கள் எல்லோரும் குடிவரவுக் கந்தோரில் இருக்கிறார்கள்.

2

எனக்கு இங்கே நின்று வேலை செய்யத் தந்த அனுமதி பங்குனியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் வேண்டுமென்றால் முதலாளி ஒரு கடிதம் எழுதவேண்டும்: இவன் செய்கிற வேலையைச் செய்ய இந்த நாட்டில் வேறு ஆள் கிடையாது என்று. கோப்பை கழுவ ஆள் கிடையாது என்று எந்த முதலாளி எழுதுவான்?

கந்தோரில் ஊர் நிலைமையைச் சொல்லிப் பார்த்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை பாவம், கண்ணை விரித்துக் கவலையோடுதான் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, அதற்கு வேறு படிவம், வேறு வரிசை, எவ்வளவு காலம் எடுக்குமென்று தனக்குத் தெரியாது என்றாள். பிறகு என் பழைய தாள்களைப் புரட்டி, "நீர் மெக்சிக்கோச் சமையல் செய்யிறனீரோ?" என்று கேட்டாள். அப்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அப்படியானவர்களுக்கு இடமிருக்கிறதாம்.

பாருங்கள் நியாயத்தை. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு வரிசை. சோளம் சுடத் தெரிந்தவனுக்குக் கதவு.

சோளம் என்று சொன்னது சும்மா இல்லை. மெக்சிக்கோவில் தெருவோரத்தில் சோளப்பொத்தியைக் கரியில் சுட்டு, மயோனீஸ் பூசி, சீஸும் மிளகாய்த்தூளும் போட்டு விற்பார்களாம். கெவினுக்கு அதில் பைத்தியம். கார் விற்கிற கூட்டாளி ஒருவர் அவனுக்கு இருக்கிறார், மனிசியோடு கடைக்கு அடிக்கடி வந்து என் கழுதைக் கதையைக் கேட்கிறவர். பெரிய வயிறு, சிவந்த முகம். நான் அவரைக் கார்க்காரர் என்றே சொல்வேன். அவருடைய கார் வளவுக்கு முன்னால் ஒரு சோள வண்டில் போட்டு, தொப்பியோடு என்னை நிறுத்துவதுதான் கெவினின் திட்டம். கார் பார்க்க வருகிறவன் சோளம் தின்பான், சோளம் தின்ன வருகிறவன் கார் பார்ப்பான்.

"பாப்லோ, ஞாயிற்றுக்கிழமை என்ர கூட்டாளி ஆக்களைக் கூட்டிக்கொண்டு உன்ர வீட்டுக்கு வாறன்" என்றான் கெவின். "கடையில கரி மூட்ட விடமாட்டினம். உன்ர பின்வளவில நீயே தனிய சுட்டுக் காட்டு. அவைக்குப் பிடிச்சா வண்டில் வருது. வண்டில் வந்தா எனக்கு மெக்சிக்கோச் சமையல்காரன் வேணும். அந்த இடத்திலேயே கடிதத்தில கையெழுத்து வைக்கிறன்."

"பிடிக்காட்டி?"

"பிடிக்காட்டி எனக்குக் கோப்பை கழுவத்தான் ஆள் வேணும். அதுக்கு ஆர் கடிதம் தாறது? இன்னொண்டு. அவை நீ உண்மையான மெக்சிக்கோகாரன் எண்டு நினைச்சுத்தான் வருகினம். உன்ர வாயால அதைக் கெடுத்துப்போடாதை."

கந்தோரில் என் கடவுச்சீட்டில் யாழ்ப்பாணம் என்று எழுதியிருக்கிறது. அது அவனுக்கும் தெரியும், கந்தோருக்கும் தெரியும். தெரியக்கூடாதது கார்க்காரருக்கு மட்டும்தான்.

நான் வீட்டுக்குப் போய் அக்காவிடம் பாதியைத்தான் சொன்னேன். முதலாளி வருகிறார், சோளம் சுட்டுக் கொடுக்கவேண்டும், நன்றாக இருந்தால் கடிதம். இவ்வளவும் சொன்னேன். பாப்லோவைச் சொல்லவில்லை. அக்கா கண்ணை மூடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தா. இங்கே ஒரு தேங்காய் தேடுவது கடிதம் எடுப்பதைவிடக் கஷ்டம் என்பது வேறு கதை.

3

ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். விடிய வெள்ளெனவே போய், மாசிச் சோளம், பால் வற்றாத மணி, இருபது பொத்தி பொறுக்கி எடுத்தேன். பொத்தியின் தோலை உரித்து எறியக்கூடாது. பின்பக்கம் மடக்கி, ஐயர் குடுமிபோல முடிந்துவிடவேண்டும். அதுதான் கைபிடி. கரி மூட்டுவதற்கு அத்தானின் பழுதாய்ப்போன உடுப்புத் தோய்க்கிற மெசினின் உள்தொட்டி இருந்தது. ஓட்டை ஓட்டையாக, அடுப்புக்கென்றே செய்ததுபோல.

மயோனீஸ் சனிக்கிழமையே கடையிலிருந்து ஒரு போத்தல் கொண்டுவந்து வைத்திருந்தேன். சந்தையால் வந்து பார்த்தால் போத்தலைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு ஜாம் போத்தலில் வேறேதோ வெள்ளையாக இருந்தது.

"அக்கா, என்ர மயோனீஸ் எங்கை?"

"அதில முட்டை எண்டு எழுதிக்கிடக்குது. உனக்குக் கண் பொட்டையோ? முட்டைச் சாமானை என்ர குசினிக்குள்ள ஆர் வைக்கச் சொன்னது?"

"ஐயோ அக்கா! எறிஞ்சுபோட்டியோ?"

"சாப்பாட்டுச் சாமானை எறிவனோ? பக்கத்து வீட்டு ஜோய்ஸிட்டைக் குடுத்தன். அவ தன்ர மயோனீஸைத் தந்தா. தானே வீட்டில செய்தவவாம். முட்டையே இல்லை. கேட்டுப்போட்டுத்தான் வாங்கினனான்."

சந்தையில் மரக்கறிதான், ஞாயிற்றுக்கிழமையில் இந்த நாட்டில் கடை எல்லாம் பூட்டு. மூலையில் டெய்ரி என்கிற சின்னக் கடை மட்டும் திறந்திருக்கும், அங்கே பாலும் பாணும் ஐஸ்கிரீமும்தான் கிடைக்கும். வேறு வழியில்லை. ஜாம் போத்தலைத் திறந்து பார்த்தேன். அதே வெள்ளை, அதே தடிப்பு. ஒரு விரலை உள்ளே விட்டேன். அகப்பைக்காம்பு மணிக்கட்டில் விழுந்தது.

"விருந்தாளிக்கு முதல் வாய் வைக்கிறியோ?"

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாமிக்கும் விருந்தாளிக்கும் சமைக்கிறதை வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. அக்கா உப்பை மணத்தில் பிடிப்பா. இதுவரை பிழைத்ததில்லை. கெவினின் கடையிலோ இதற்கு மறுதலை. நக்கிப் பார்க்காமல் ஒரு கோப்பையை வெளியே விட்டால் கத்துவான். நான் சின்ன வயதிலிருந்து அக்காவின் சட்டிகளில் களவாய் நக்கி வளர்ந்தவன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு, அந்த ஒரேயொரு நாள், விரலைத் துணியில் துடைத்துக்கொண்டேன். கடிதம் வருகிற நாளில் தரித்திரம் வேண்டாம் என்று பயந்தேன். போத்தலை மணந்து பார்த்தேன். வினிகர் மணம் வந்தது. கடுகு மணமும் வந்தது. சரி என்று மூடினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கெவின் வந்தான். கார்க்காரர், அவருடைய மனிசி, இன்னும் மூன்று பேர். அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் ஞாயிறு முறை. அக்கா தீபாவளிச் சேலை உடுத்து, குங்குமம் வைத்து, குசினி வாசலில் நின்றா. அவவின் மகள் ராதி, ஆறு வயது, வாசற்படியில் இருந்து வேடிக்கை பார்த்தாள். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்ததும் அக்கா, "இதென்னடா கோலம்? வயல் வெருளி மாதிரி" என்று சிரித்தா. "வெயிலுக்கு" என்றேன்.

கெவின் கடிதத்தைத் தோட்ட மேசையில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு லெமன் பழத்தை மேலே வைத்தான். தட்டெழுத்தில் அடித்த கடிதம். அடியில் கையெழுத்து வைக்கிற இடம் வெறுமையாக இருந்தது. நான் சுட்ட அவ்வளவு நேரமும் அந்த வெறுமைதான் என் கண்ணுக்குள் நின்றது.

பொத்திகளைக் கரியின்மேல் அடுக்கி உருட்டினேன். மணிகள் பட் பட் என்று வெடித்து அங்கங்கே கறுத்தன. சூட்டோடு சூடாக வெள்ளையைத் தூரிகையால் பூசி, துருவின சீஸில் புரட்டி, அக்கா வறுத்து இடித்த மிளகாய்த்தூளைத் தூவி, லெமனைப் பிழிந்தேன். முதல் பொத்தி கெவினுக்கு.

கடித்தான். மென்றான். மெல்லுகிறதை நிறுத்தினான். என்னைப் பார்த்த பார்வையில் நான் திருப்பி அனுப்பப்பட்டு யாழ்ப்பாணத்தில், பலாலியில் விமானத்தால் இறங்கிவிட்டேன்.

"பாப்லோ" என்றான் மெதுவாக. "இது இனிக்குது."

அப்போதுதான் நான் என் பொத்தியில் வாய் வைத்தேன். பாயாசம். மிளகாய் போட்ட பாயாசம். ஜோய்ஸ் செய்த மயோனீஸ் என்ன என்று அப்போதுதான் விளங்கியது. டின்பால்! சீனி போட்ட டின்பாலில் வினிகரும் கடுகும் போட்டு அடித்து வைத்திருக்கிறா. இந்த நாட்டு வீடுகளில் சலாட்டுக்கு ஊற்றுகிற சாமான் அதுதானாம். முட்டை இல்லை என்று கேட்டுக்கேட்டு வாங்கின என் அக்கா, சீனி இருக்கிறதா என்று கேட்கவில்லை. நக்கிப் பார்க்கிற ஒருத்தன் வீட்டில் இருந்தான், அவன் அன்றைக்குப் பார்த்துத்தான் திருந்தினான்.

நான் வாய் திறக்க முதல் கார்க்காரர் ஒரு சத்தம் போட்டார். "அட, இது எங்கட அம்மாவின்ர சலாட்டடா!" பொத்தியை இரண்டு கையாலும் பிடித்து மவுத் ஓர்கன் வாசிப்பதுபோல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனார். அவருடைய மனிசி இரண்டாவது பொத்தி கேட்டாள். மற்ற மூன்று பேரும் விரலை நக்கினார்கள். இனிப்பும் உறைப்பும் புளிப்பும், இப்படி ஒன்றைச் சாப்பிட்டதேயில்லை என்றார்கள். சாப்பிடாமல்தானா? பிறந்ததிலிருந்து வீட்டில் சாப்பிட்டதைத்தான் மெக்சிக்கோ என்று தின்றுகொண்டிருந்தார்கள்.

கெவின் கெட்டிக்காரன். முகத்தை ஒரு நிமிசத்தில் மாற்றினான். "இது பாப்லோவின்ர கிராமத்து முறை. நகரத்தில இப்பிடிச் செய்யமாட்டினம்" என்றான்.

"வண்டிலை வெள்ளிக்கிழமையே போடு" என்றார் கார்க்காரர்.

கெவின் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தான். லெமனைத் தூக்கினான்.

அந்த நேரம் பார்த்து அக்கா குசினியிலிருந்து வந்தா. கையில் ஒரு தட்டம். சுடச்சுட உழுந்துவடை. சோளம் மட்டும் போதும் என்று நான் சொல்லியும், வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தம்பி சுட்டதை மட்டும் கொடுத்து அனுப்ப அவவுக்கு மனம் வரவில்லை.

"இவ ஆர்?" என்று கார்க்காரர் கேட்டார். கெவினிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார்.

பேனை கடிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. கெவின் என்னைப் பார்த்தான்.

இந்த இடத்தில் கெவின் சொன்னான் என்று எழுத எனக்கு ஆசை. எழுதினால் உங்கள் கோபம் எல்லாம் அவன் பக்கம் போகும், எனக்கு நித்திரை வரும். ஆனால் கெவின் வாயே திறக்கவில்லை.

"லேண்ட்லேடி" என்றேன் நான். "நான் இங்கை வாடகைக்கு ஒரு அறையில இருக்கிறன். இந்தியாப் பக்கத்து ஆள்."

அக்காவுக்கு இங்கிலிசு தெரியாது என்று நினைக்காதீர்கள். அவ கல்லூரியில் இங்கிலிசில் பரிசு வாங்கினவ. வடைத் தட்டம் அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. ராதிதான் என்னை வாய் திறந்து பார்த்தாள். அக்கா திரும்பி, வடையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்து வாசலில் நின்றா.

கெவின் கையெழுத்து வைத்தான்.

அவர்கள் எழும்பும்போது கார்க்காரரின் மனிசி தான் தின்ற இரண்டு பொத்தியையும் குப்பை எங்கே என்று தேடினாள். காணாமல், பக்கத்தில் நின்ற அக்காவின் கையில் கொடுத்து, "தாங்க்யூ, டியர்" என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டுதான் கொடுத்தாள். எச்சில் பொத்தி, எச்சில் குடுமி. அக்கா இரண்டு கையாலும் வாங்கினா.

"யூ ஆர் வெல்கம், மேடம்" என்றா.

நான் தொப்பியோடு நின்றேன்.

4

அன்று பின்னேரம் குசினியில் அக்கா பாத்திரம் கழுவினா. நான் துடைக்கப் போனேன்.

"விடுங்கோ மிஸ்டர் பாப்லோ. வாடகைக்கு இருக்கிறவை இதெல்லாம் செய்யத் தேவையில்லை."

"அக்கா, கடிதம்..."

"கடிதம் கிடைச்சிட்டுது தானே? நல்லது."

"ஒரு வடை தாவன்."

"அக்கா எண்டா தருவா. லேண்ட்லேடி என்னத்துக்குத் தாறது?"

பிறந்ததிலிருந்து அவவை நான்தான் சீண்டியிருக்கிறேன். அவவின் பின்னலை நாற்காலியில் கட்டியிருக்கிறேன். அத்தான் பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தேத்தண்ணிக்குள் உப்புப் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அகப்பைக்காம்பு வரும், பிறகு சிரிப்பு வரும். இந்தமுறை இரண்டும் வரவில்லை.

புதன்கிழமை ராதி பள்ளிக்கூடத்தால் வந்தாள். காலையில் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழும்பி வீட்டுச் செய்தி சொல்லவேண்டுமாம். "நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டேன். நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலிசில்தான் பதில் சொல்லுவாள். எங்கள் வீட்டில் ஒரு மெக்சிக்கோகாரர் வாடகைக்கு இருக்கிறார் என்று சொன்னாளாம். டீச்சர் மிகவும் நல்லது என்றாவாம்.

"நான் உன்ர மாமாவெல்லோ?"

ராதி புத்தகப்பையைக் கழற்றினாள். "வீட்டுக்குள்ள மட்டும்" என்றாள்.

ஆறு வயதுப் பிள்ளையோடு கோபிக்க முடியுமா? கோபித்தேன். கதவை அடித்துச் சாத்தினேன். அவள் அழுதாள். பிறகு டெய்ரிக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். வெளியே போனபடியால் வழியில் நான் அவளுக்கு யார் என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கார் வளவுக்கு முன்னால் சோள வண்டில் நின்றது. கெவின் இரண்டு பெட்டி டின்பால் வாங்கி வைத்திருந்தான். அதுதான் இனி எங்கள் கிராமத்து முறை. கார்க்காரரும் மனிசியும் முதல் பொத்திக்கு வந்து நின்றார்கள். அந்த மனிசி, "உன்ர லேண்ட்லேடி சுகமோ? நல்ல மனிசி" என்றாள்.

தொப்பியைக் கழற்றி வண்டிலில் வைத்தேன்.

"அவ லேண்ட்லேடி இல்லை. என்ர சொந்த அக்கா. ஒரு வயித்தில பிறந்தவ. நான் மெக்சிக்கோவைப் படத்திலகூடப் பாத்ததில்லை. நான் யாழ்ப்பாணம். என்ர பேர் பாலன். நீங்கள் எச்சில் பொத்தியைக் குடுத்தது என்ர அக்காவின்ர கையில."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். வண்டில் போகட்டும், கடிதம் போகட்டும், பலாலி வரட்டும்.

கார்க்காரர் சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்து, என் முதுகில் ஒரு அடி போட்டார். "கழுதைக் கதையைவிட இது திறம், பாப்லோ!" என்றார். மனிசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் ஒரு நிமிசம் என்னைப் பயப்படுத்திப்போட்டான்" என்றாள்.

எட்டு மாதம் அவர்களுக்குப் பொய் சொன்னேன், ஒன்றுவிடாமல் நம்பினார்கள். ஒருநாள் உண்மை சொன்னேன், சிரித்தார்கள். திரும்பவும் சொல்ல வாய் எடுத்தேன். என் குரல் எனக்கே பகிடிபோலக் கேட்டது.

அவர்கள் போனதும் கெவின் வந்து தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தான். அவன் சிரிக்கவில்லை. "இன்னொருக்கா இந்த விளையாட்டு விளையாடினா நான் கந்தோருக்குப் போன் பண்ணிக் கடிதத்தைத் திருப்பி எடுப்பன்" என்றான். அதோடு விட்டிருக்கலாம். போகிறபோது திரும்பி, "அவ உன்ர அக்காவோ? உண்மையாகவோ? அண்டைக்கு நீதானே லேண்ட்லேடி எண்டு சொன்னனீ" என்றான்.

நான் அடுத்த பொத்திக்கு டின்பால் பூசினேன்.

5

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். சந்தோசப்படுவா என்று நினைத்தேன். சோற்றுப்பானையை இறக்கிக்கொண்டிருந்தவ அப்படியே நின்றா.

"என்னெண்டு சொன்னனீ?"

"நீ என்ர அக்கா எண்டு சொன்னனான்."

"ஆருக்கு? அந்தக் கார்க்காரருக்கோ?"

"ஓம். அவை சிரிச்சவை. நம்பேல்லை."

பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து என் தோளில் ஒரு அடி வைத்தா. கையால்தான் அடித்தா. ஆனால் நொந்தது.

"விசரா! ஆரடா உன்னைச் சொல்லச் சொன்னது? நான் நாலு நாள் முகத்தைத் தூக்கினனெண்டு நீ கடிதத்தைத் துலைக்கப் பாத்தனியோ? அவை நம்பியிருந்தா? அந்த முதலாளி போன் எடுத்திருந்தா? அம்மாவுக்கு நான் என்ன எழுதுறது? என்ர கோபத்தில திருப்பி அனுப்பிப்போட்டன் எண்டு எழுதுறதோ?"

"உனக்கு நோகேல்லையோ அக்கா?"

"நொந்தது. ஏன் நோகாது? நான் நோகிறன். அது என்ர பாடு. நீ இஞ்சை நில்."

இதைவிட அவ இன்னும் ஒரு மாதம் என்னை மிஸ்டர் பாப்லோ என்று கூப்பிட்டிருக்கலாம். இரண்டு எச்சில் பொத்தியைக் கையில் வாங்கிவிட்டு, அதற்காக நான் வாய் திறந்தது பிழை என்று எனக்கு அடிக்கிறா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கெவினில், கார்க்காரரில், டின்பாலில், வரிசைக்கு வரிசை தாள் வைத்திருக்கிற கந்தோரில். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்த ஆத்திரம் இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அதனால்தான் அடங்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா மேசையைத் துடைத்தா. "படிவத்தைக் கொண்டா" என்றா. என் எழுத்தில் படிவம் நிரப்பினால் கந்தோரில் சிரிப்பார்கள், அதனால் எப்போதும் அவதான் நிரப்புவா. பெயர், பிறந்த இடம், வேலை. வேலை என்ற இடத்தில், மெக்சிக்கோ உணவு விசேட சமையல்காரர் என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதினா. நான் கெவினின் கடிதத்தை மடித்து விரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ராதி மேசைக்கு மறுபக்கத்தில் படம் கீறிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. நியூசிலாந்தில் உள்ள நெருங்கிய உறவினர்.

அக்காவின் பேனை நின்றது. நான் கடிதத்தை மடிக்கிறதை நிறுத்தினேன். கோடு கீறிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப்போகிறா என்று நினைத்தேன். கீறினால் நான் என்ன சொல்ல முடியும்?

"வெளியில நான் உனக்கு என்னவாயும் இருந்திட்டுப் போறன்" என்றா, என்னைப் பார்க்காமல். "இதில பொய் எழுதேலாது."

தன்னுடைய முழுப்பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினா. அதற்குப் பக்கத்தில் உறவுமுறை என்ற இடத்தில், சகோதரி. அவவுக்கு அழகான கையெழுத்து, அன்றைக்கு அழகு இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் பேனையால் தோண்டினா. ராதி எட்டிப் பார்த்து, இங்கிலிசில், "அம்மா, தாள் கிழியுது" என்றாள்.

படிவம் திங்கட்கிழமை கந்தோருக்குப் போய்விட்டது. அங்கே அதை யார் படிப்பார்களோ தெரியாது. மேசைக்கு விரித்த மெழுகுத்துணியில் அக்காவின் பெயர் எழுத்துக்கு எழுத்து பதிந்து கிடக்கிறது. சகோதரி என்பதும் கிடக்கிறது. துடைத்தால் போகவில்லை. நான் சாப்பிடும்போது சோற்றுக் கோப்பையை அதன்மேல் வைப்பதில்லை, கொஞ்சம் தள்ளித்தான் வைக்கிறேன்.